ஆயர் ஈத்தாம் தோழர்களே, மழை இறங்குமுன் எழுந்து வாருங்கள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 8.58க்குச் சுமத்திராவின் மேற்கே கடலடி நிலம் பிளந்தது. இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1, டோபெக்ஸ்/பொசைடன் என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் தம் வழக்கமான பாதையில் வங்கக் கடலைக் கடந்தன. கடல் மட்டத்தை அளப்பதே அவற்றின் வேலை. நடுக்கடலில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழும்பி ஓடிக்கொண்டிருந்த சுனாமி அவற்றின் கருவிகளில் அப்படியே பதிவானது. அதே நேரத்தில் பினாங்குக் கடற்கரைகளான பாசிர் பாஞ்சாங்கிலும் பத்து ஃபிரிங்கியிலும் விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. அலை இங்கே வந்தது பிற்பகல் ஒரு மணிக்கு மேல். நிலம் அதிர்ந்ததற்கும் கடல் ஏறியதற்கும் நடுவே நான்கு மணி நேரம் இருந்தது. மலேசியா முழுவதும் இறந்தவர்கள் 68 பேர். அவர்களில் 52 பேர் நம் பினாங்கில் இறந்தவர்கள்.

அந்தச் செயற்கைக்கோள்களைக் குறை சொல்வதற்கில்லை. எச்சரிக்கை கொடுப்பதற்காக யாரும் அவற்றை ஏவவில்லை. அவை அளந்தது தரைக்கு வந்து, கணக்குப் போட்டு, அறிஞர் கண்ணில் படுவதற்குள் பல மணி நேரம் போய்விட்டது. ஆனால் நிலநடுக்கம் ஊரறிந்த சங்கதி. பினாங்கில் அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் ஆட்டத்தை உணர்ந்து கீழே இறங்கி ஓடினார்கள். செய்தி இருந்தது, நேரம் இருந்தது, கடற்கரைக்குப் போய்ச் சொல்ல ஆள் இல்லை.

அதே காலையில் புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்ததைக் கேளுங்கள். அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்ததும் வீட்டுக்குத் தொலைபேசி போட்டார். கடல்நீர் ஊருக்குள் ஏறுகிறது என்று வீட்டில் பதறினார்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஓடுங்கள் என்றார் அவர். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது. ஊரார் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியை எடுத்து முழங்கினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் மக்கள் உயிர் பிழைத்தார்கள்.

அந்த ஒலிபெருக்கி அன்றைக்குத் திடீரென்று முளைத்ததல்ல. பக்கத்து ஊரான வீராம்பட்டினத்தில் 1990களின் இறுதியிலேயே, அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணிப்பை நாள்தோறும் இறக்கி, கடலுக்குப் போகும் ஆட்களுக்குத் தமிழில் ஒலிபெருக்கியில் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. சொல்வதும் கேட்பதும் அன்றாட வேலையாக இருந்த கரையில்தான் அந்த ஒரு நாள் குரல் எடுபட்டது. தோழர்களே, நாம் கட்ட வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். அதை இங்கே பினாங்கில், கொடிமலை அடிவாரத்தில், இந்த மழைக்காலத்துக்குள் கட்டியாக வேண்டும்.

மலையடிவாரத்தில் இருக்கும் நமக்குக் கடலைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுமையாக விளக்க வேண்டியது நம் கடமை. பசுமைக்குடில் வாயுக்கள் அடைத்து வைக்கும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள்தான் இறங்குகிறது. ஓரிடத்துக் கடல்நீரின் சூடு, அந்தப் பருவத்துக்கு உரிய 30 ஆண்டுப் பதிவில் மேல் பத்து விழுக்காட்டுக்குள் ஏறி, ஐந்து நாளுக்குக் குறையாமல் அங்கேயே நின்றால் அதைக் கடல் வெப்ப அலை என்கிறார்கள். 2010-11 கோடையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடல் கொதித்துக் கடற்பாசிக் காடுகள் அழிந்தபோதுதான் இந்தப் பெயர் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. இதைக் கண்டுபிடிக்க முடிந்ததே 1980களின் தொடக்கத்திலிருந்து செயற்கைக்கோள்கள் கடலின் மேற்பரப்புச் சூட்டை இடைவிடாமல் பதிந்து வருவதால்தான். 2023 மே தொடங்கி ஓராண்டுக் காலம், உலகக் கடல்களின் சராசரிச் சூடு ஒவ்வொரு நாளும் அந்த நாளுக்கு உரிய பழைய உச்சத்தைத் தாண்டியது. ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

பவளப்பாறைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்டில் மிகச் சூடான மாதத்தின் வழக்கமான அளவைவிட ஒரு பாகை கூடி ஒரு வாரம் நீடித்தால் அது ஒன்று. இரண்டு பாகை கூடி இரண்டு வாரம் நின்றால் நான்கு. நான்கைத் தொட்டால் பவளம் வெளுக்கத் தொடங்கும். எட்டைத் தாண்டினால் சாகத் தொடங்கும். நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவில் 2016இல் இதுதான் நடந்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தார் நீருக்குள் இறங்கிக் கணக்கெடுத்தார்கள். உயிருள்ள பவளம் ஏறக்குறைய 39 விழுக்காட்டிலிருந்து 23க்குச் சரிந்திருந்தது. இங்கே 2010இல் தியோமான், ரெடாங் போன்ற தீவுகளில் பவளம் வெளுத்து, முக்குளிக்கும் இடங்களை அரசு மாதக்கணக்கில் மூடியது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. 2023 ஜனவரிக்கும் 2025 மார்ச்சுக்கும் நடுவே உலகின் பவளத் திட்டுகளில் 84 விழுக்காடு வெளுக்கச் செய்யும் சூட்டுக்கு ஆளாகியிருந்தன.

பவளம் போனால் மீன்குஞ்சு வளரும் இடம் போகும். நம் ஆயர் ஈத்தாம் லக்சாவில் கரைவது கடலில் பிடித்த கெம்போங் மீன். சூடான நீரில் உயிர்க்காற்று குறையும். ஓடக்கூடிய மீன் ஆழத்துக்கு ஓடிவிடும், கூண்டில் வளர்க்கும் மீனுக்கு ஓடவும் வழியில்லை. கடலோரத்து மலாய்க்கார, சீனத் தோழர்களின் வயிற்றில் விழும் அடி நம் சந்தையின் விலைப்பலகையில் வந்து நிற்கும்.

ஆனால் நம் கதவைத் தட்டப்போவது மீன் விலை மட்டுமல்ல. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏழு விழுக்காடு கூடுதலான நீராவியைச் சுமக்கும். அந்தமான் கடலிலும் மலாக்கா நீரிணையிலும் ஏறும் ஆவி நம் தீவை நோக்கி வருகிறது. எதிரே 833 மீட்டர் உயரம் எழும் மலைத்தொடர் நிற்கிறது. காற்று மேலேறுகிறது, குளிர்கிறது, சுமந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறது. மலையிலிருந்து இறங்குவது சுங்கை ஆயர் ஈத்தாமிலும் சுங்கை டொண்டாங்கிலும் ஓடிச் சுங்கை பினாங்கில் சேர்ந்து கடலுக்குப் போக வேண்டும். அந்தக் கிண்ணத்தின் அடியில்தான் நம் தாமான்களும் கம்போங்குகளும் அடுக்குமாடிகளும் இருக்கின்றன.

2017 நவம்பர் 4 இரவை மறந்தவர் யாரும் இங்கே இருக்க முடியாது. தென்சீனக் கடல் பக்கமிருந்து வந்த வெப்பமண்டலத் தாழ்வழுத்தம் தீபகற்பத்தின் வடமுனையைக் கடந்து அந்தமான் கடல் நோக்கி நகர்ந்தது. 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 300 மில்லிமீட்டர் விழுந்தால் 30 கோடி லிட்டர் தண்ணீர், தோழர்களே. மரங்கள் வேரோடு சாய்ந்தன, கொடிமலையில் திரும்பிய பக்கமெல்லாம் மண் சரிந்தது, பின்னிரவில் முதலமைச்சரே இராணுவத்தின் உதவியைக் கேட்கும் நிலை வந்தது. பினாங்கில் ஏழு உயிர் போனது. அன்று பௌர்ணமி. கடல் ஏற்றத்தில் நின்றதால் ஆற்றுநீர் வெளியேற வழியில்லாமல் ஊருக்குள்ளேயே தேங்கியது. பௌர்ணமி எப்போது என்பதை அறிய எந்தச் செயற்கைக்கோளும் வேண்டாம், சுவரில் மாட்டிய நாட்காட்டி போதும். இந்தச் சின்னக் கணக்கைக்கூட அன்று நம்மில் யாரும் போட்டுப் பார்த்து அண்டை வீட்டில் சொல்லவில்லை.

மேலே 35,800 கிலோமீட்டர் உயரத்தில் ஜப்பானின் ஹிமாவரி செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நம் பாதி உலகைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மேகத் திரளின் ஒவ்வோர் அசைவும் அதில் பதிவானது. அதே மாதக் கடைசியில் ஒக்கிப் புயல் குமரி முனையைத் தாக்கியபோதும் இதே கதைதான். புயல் விண்ணிலிருந்து தெரிந்தது, சில நாள் முன்னதாகவே ஆழ்கடலுக்குப் போய்விட்ட மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. குமரிக் கரை ஊர் ஊராக ஆண்களை இழந்தது.

நம் நீரிணையில் புயல் பிறக்காது என்று படித்து வளர்ந்தோம். நிலநடுக்கோட்டுக்கு அருகே பூமியின் சுழற்சி காற்றைச் சுழற்றிவிடப் போதாது என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2001 டிசம்பரில் வாமெய்ப் புயல் ஜொகூரில் கரையேறியபோது அதை அபூர்வம் என்று ஒதுக்கினார்கள். 2025 நவம்பர் கடைசி வாரத்தில் மலாக்கா நீரிணைக்குள்ளேயே சென்யார் புயல் உருவாகிச் சுமத்திராவை மூழ்கடித்தது. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வாரத்தில் டித்வா புயல் இலங்கையைச் சூறையாடியது. மலையகத்தில் தேயிலைத் தோட்ட லயன்களின் மேல் மலை இறங்கியது. நம்மைப் போலவே பிழைக்கப் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள், சரிவின் அடியில் வீடு வாய்த்தவர்கள். அவர்களுடைய படங்களைப் பார்த்துக் கண்கலங்கினோம், காசு அனுப்பினோம். அந்தச் சரிவும் நம் பாயா தெருபோங் சரிவும் ஒரே வகை என்பதைப் பேசினோமா?

இனி விண்ணிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எது தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் வேலை தொடங்கும் இடம் அதுதான்.

அகச்சிவப்புக் கதிரில் கடலின் சூட்டைப் பார்க்கும் கருவிக்கு மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தோல் மட்டும் தெரியும். மேகம் வந்தால் அதுவும் தெரியாது. நம் ஊரில் மேகம் இல்லாத நாள் எத்தனை? நுண்ணலைக் கருவி மேகத்தை ஊடுருவும், ஆனால் அதன் பார்வை பல கிலோமீட்டர் அகலத்தை ஒரே புள்ளியாக எடுத்துக்கொள்ளும், கரையோரத்தில் நிலமும் நீரும் கலந்து குழம்பிவிடும். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே குறுகிய இடத்தில் நீரிணை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலம்தான். அந்தத் தண்ணீரின் உண்மையான சூடு அந்தக் கருவிக்குப் பிடிபடாது. மழையை விண்ணிலிருந்து மதிப்பிடும் முறையும் அப்படித்தான். அது ஒரு பெரிய கட்டத்துக்குச் சராசரி சொல்லும். மலையின் ஒரு பக்கம் கொட்டி மறுபக்கம் தூறும் நாளில் ஃபார்லிமில் எவ்வளவு, அணைக்கட்டு மேட்டில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. நம் வீட்டுப் பின்புறத்து ஓடை இரவு இரண்டு மணிக்கு எத்தனை அடி ஏறியது என்பது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. அதைப் பார்க்கக் கூடியவர்கள் நாம்தான்.

ஆகவே வாருங்கள், கையை நனைப்போம்.

ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுங்கள். பக்கங்கள் நேராக இருக்கும் போத்தலாகப் பாருங்கள். தோள் தொடங்கும் இடத்தில் வெட்டி, வெட்டிய மேல்பாகத்தைக் கவிழ்த்துப் புனலாக உள்ளே செருகுங்கள். அடியில் வளைவு மறையும் வரை கூழாங்கல் போட்டு, அதற்கு மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியமாக வைத்து வெளியே மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டுங்கள். கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் சாயாமல் கட்டுங்கள். தினமும் காலை எட்டு மணிக்குப் படித்து, எழுதி, சுழியத்துக்கு மேல் உள்ளதைக் கொட்டுங்கள். அடைமழை நாளில் மணிக்கு ஒருமுறை படியுங்கள். இதற்குக் காசு வேண்டாம், பட்டம் வேண்டாம். ராஜாஜி தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் செய்யலாம், சந்தைக்கு மேலே குடியிருக்கும் பாட்டி செய்யலாம், தண்டவாள மலைரயிலின் கீழ் நிலையத்தருகே கடை வைத்திருப்பவர் செய்யலாம். இருபது போத்தல்கள் இருபது இடத்தில் நின்றால், இந்த அடிவாரத்தில் எங்கே எவ்வளவு விழுகிறது என்பது முதன்முறையாக நம் கையில் இருக்கும்.

அடுத்தது ஆறு. வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்று மட்டத்தையும் மழையையும் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்தே வைத்திருக்கிறது. வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மழை எச்சரிக்கை வருகிறது. நம்மில் எத்தனை பேர் கைப்பேசியில் இவை இரண்டும் இருக்கின்றன? மாரியம்மன் திருவிழாப் படங்கள் மணிக்கு நூறு வரும் நம் புலனக் குழுக்களில் இந்த எச்சரிக்கையை ஒருவர் போட்டால் படிப்பதில்லை. இனி ஒவ்வோர் அடுக்குமாடிக்கும் ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் ஒரு தோழர் பொறுப்பு. ஆரஞ்சு வந்தால் அவர் கதவைத் தட்ட வேண்டும். குறிப்பாகத் தரைத்தளத்தில் தனியாக இருக்கும் முதியவர், படுத்த படுக்கையாக இருப்பவர், சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று நாள் போக வேண்டியவர் யார் யார் என்ற பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும். சிவப்பு வந்தபின் பட்டியல் எழுத உட்கார்ந்தால் காலம் கடந்துவிடும்.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசுவேன். 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் புங்காவில் கட்டுமானத் தளத்தின் மேல் மண் சரிந்து 11 பேர் புதைந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இன்றைக்கும் மலையை வெட்டிய சரிவுகளின் அடியில், தகரக் கொட்டகையில், வங்காளதேசத்துத் தம்பிகளும் நேப்பாளத்துத் தம்பிகளும் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஆட்களும் படுத்துத் தூங்குகிறார்கள். அவர்களுடைய மேற்பார்வையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் நம்மிடம் இருக்க வேண்டும். சிவப்பு எச்சரிக்கை நாளில் வேலையை நிறுத்து, கொட்டகையைக் காலி செய் என்று கேட்கும் குரலாக நாம் இருக்க வேண்டும். நம் தாத்தாக்கள் வந்த காலத்தில் அவர்களுக்காகக் கேட்க யாரும் இருக்கவில்லை என்பதால்தான் இதை நாம் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சரிவு என்றதும் கணினி தெரிந்த தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தீவைக் கடக்கின்றன. பத்து மீட்டர் அகலம் வரை தெரியும் அந்தப் படங்கள் யாருக்கும் இலவசம். மேகமில்லாத நாளின் படத்தையும் போன மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பச்சையில் புதிதாகச் செம்மண் தெரியும் இடம் பளிச்சென்று கண்ணில் படும். புக்கிட் ரெலாவ் மொட்டையடிக்கப்பட்டபோது ஊர் முழுக்கக் கீழிருந்து பார்த்துக் கொதித்தோம். அதற்குள் மரமெல்லாம் போய்விட்டது. 76 மீட்டருக்கு மேலுள்ள நிலத்தை மலைநிலம் என்று மாநில அரசே வரையறுத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே எங்கே செம்மண் தெரிந்தாலும் அதே வாரத்தில் படத்தோடு மாநகராண்மைக் கழகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மனு போக வேண்டும். மண்ணைக் கிளறிவிட்ட பிறகு வானத்தைத் திட்டிப் பயனில்லை.

கடலுக்கு வருவோம். தெலுக் பஹாங்கிலும் தெலுக் கும்பாரிலும் உள்ள மீனவர்களோடு நாம் கைகோக்க வேண்டும். வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டி, எடை வைத்து, படகுத் துறையின் முனையிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்தில் ஐந்து நிமிடம் விட்டு எடுத்தால் அளவு கிடைக்கும். நேரத்தையும் எழுதிவிட்டால் அதே நேரத்து ஹிமாவரி அளவோடு ஒப்பிடலாம். மூக்கா முனையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. நம் பதிவைக் கொண்டுபோய்க் காட்டி, பிழையைத் திருத்தச் சொல்லிக் கேட்போம். பினாங்குக் கரையோர மீனவர் நல சங்கத்தார் 1990களிலேயே சேற்றில் இறங்கிச் சதுப்புநிலக் கன்று நட்டவர்கள். எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஐம்பது ஆண்டு இந்தத் தீவில் குடிமக்களைக் கேள்வி கேட்கப் பழக்கியது. நமக்கு முன்னே நடந்த கால்தடம் இருக்கிறது. அதில் நடப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை என்று சிலர் சொல்வார்கள். ஆம், அதைக் கேட்டு வாங்குவதும் நம் வேலைதான். ஆற்றைத் தூர்வாரு, சரிவில் அனுமதியை நிறுத்து, சிவப்பு எச்சரிக்கை வந்தால் கோயில், பள்ளிவாசல், சீனக் கோயில் மூன்றின் ஒலிபெருக்கியிலும் அறிவிக்க ஏற்பாடு செய் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்போம். ஆனால் வெறுங்கையோடு கேட்பவனைப் போய்விட்டு வா என்பார்கள். மூன்று மாத மழைப் பதிவையும் ஆற்று மட்டத்தையும் சரிவின் படங்களையும் மேசைமேல் வைப்பவனுக்கு நாற்காலி போட்டுப் பேசுவார்கள். இந்தப் பதிவு வெள்ளக் காலத்துக்கு மட்டும் அல்ல. 2016 ஏப்ரலில் வெயில் கொளுத்திக் கெடாவிலும் பெர்லிசிலும் பள்ளிகளை மூடினார்கள். 2024இல் நம் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்காக மேக விதைப்பு நடத்தினார்கள். வறட்சியிலும் அதே போத்தல், அதே நோட்டு, அதே கதவு தட்டும் கை தேவைப்படும்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை நம் தீவில் மழை உச்சம். அதற்கு முன் வரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கும் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் கூடுவோம். ஆற்று மட்டம் பார்க்கப் பாலத்துத் தூண்களில் அடிக்கணக்கு எழுத அனுமதி கேட்கும் மனுவில் முதல் வாரமே கையெழுத்து வாங்க வேண்டும். மலாய், சீன அண்டை வீட்டாரையும் அழைத்து வாருங்கள், வெள்ளம் எந்த வீட்டையும் இனம் பார்த்து ஒதுக்காது. போத்தல், அளவுகோல், கத்தரிக்கோல், ஒரு நோட்டு, உங்கள் வரிசையில் தனியாக வாழ்பவர்களின் பெயர்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். வர முடியாதவர்கள் ஒரு பிள்ளையையாவது அனுப்புங்கள்.